தாம்பரம் டு மத்தியதரைக் கடல்... வழி: அரியாங்குப்பம்!

எல்லாத்துக்கும் காரணம் அந்தக் காலண்டர்தான்!

சேலையூர் பக்கம் எங்க தோழியோட ஹாஸ்டல் ரூம். ஏதோ ஒரு டிராவல்ஸ்காரர் புண்ணியத்தில் ஓசியில் வந்த காலண்டர் சுவரில் தொங்குது. மே மாசத்தைத் திருப்பினால், மலைச் சரிவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள், நடுவில் நீலக் கலரில் ஒரு குவிமாடம், கீழே அதைவிட நீலமாகக் கடல். கிரேக்க நாட்டு சான்டோரினி தீவாம். இந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்தால் தாம்பரம் வெயில் தாரை உருக்கிக்கொண்டு இருக்கிறது. கரன்ட் வேறு கட். லேப் ரெக்கார்டால் விசிறிக்கொண்டே நாலு பேரும் அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்தோம்.

"எக்ஸாம் முடிஞ்சதும் இங்க போறோம்டி!" என்றாள் ஒருத்தி.

அப்படித்தான் ஆரம்பிச்சது. நாலு பேரைப் பற்றி ஒரு சின்ன இன்ட்ரோ. (நிஜப் பெயரைப் போட்டால் வீட்டில் டின் கட்டிவிடுவார்கள். அதனால் ஹாஸ்டல் பட்டப்பெயர் மட்டும்.) மேடவாக்கத்திலிருந்து வருபவள் 'பாஸ்போர்ட்'. எங்களில் அது இருப்பது அவளிடம் மட்டும்தான், அதுவும் ஒரு ஸ்டாம்ப்கூட விழாத புத்தம் புதுசு. குரோம்பேட்டைக்காரி 'பட்ஜெட்'. டீக்கடையில் மிச்சம் வாங்க மறந்த ரெண்டு ரூபாயைக்கூட நோட்டில் எழுதிவைப்பாள். மூணாவது 'சுறா', சிவில். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாளே ஒரு டப்பா சுறாப்புட்டைத் திறந்து மொத்த ஃப்ளோரையும் மயக்கியவள். சுறாவுக்கு வீடு புதுச்சேரிக்கு வடக்கே, ஈ.சி.ஆர். ஓரம் ஒரு மீனவக் கிராமம். நான் பெருங்களத்தூர், எலெக்ட்ரானிக்ஸ், டேஸ்காலர், உங்கள் மாணவ நிருபர்.

"சம்மர் ட்ரிப் ஒண்ணு ப்ளான் பண்ணி எழுதும்மா, காலேஜ் பசங்க பாக்கெட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்" என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். சான்டோரினி எந்தப் பாக்கெட்டுக்கு ஏற்றது என்று விசாரிக்கும் வேலையை 'பாஸ்போர்ட்' எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் தாம்பரம் வெஸ்ட் டீக்கடையில் ரிப்போர்ட் தாக்கல். கிரீஸ், இத்தாலி, ஃப்ரான்ஸ், ஸ்பெயின் எல்லாத்துக்கும் சேர்த்து 'ஷெங்கன்' என்று ஒரே விசா. அதற்கு ஃபீஸ் 90 யூரோ. 2024 ஜூன் மாசம்தான் 80-லிருந்து ஏற்றியிருக்கிறார்கள். நம்ம ரூபாயில் ஏறத்தாழ ஒன்பதாயிரம். விசா கிடைக்கவில்லை என்றாலும் அந்தப் பணம் திரும்பி வராது. முப்பதாயிரம் யூரோவுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ். போக வர டிக்கெட் புக்கிங், தங்கும் இடம், பேங்க் ஸ்டேட்மென்ட். முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும்.

"பேங்க் ஸ்டேட்மென்ட்டா?" என்றாள் 'பட்ஜெட்'. நாலு பேர் அக்கவுன்ட்டையும் கூட்டிப் பார்த்தாள். 11,340 ரூபாய். ஒருத்திக்கு விசா எடுக்கலாம். மிச்சம் இருக்கிற காசில் மத்த மூணு பேரும் அவளை வழியனுப்ப மீனம்பாக்கம் வரை மின்சார ரயிலில் போகலாம்.

சான்டோரினி, டாட்டா!

ஆனால், கடல் ஆசை விடவில்லை. ஒரு விஷயம் சொல்கிறேன், தாம்பரம் ஏரியாக்காரர்கள் கோபப்படக் கூடாது. 'சென்னையா? தினமும் பீச்தானே!' என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குத் தெரிந்த பீச், ரயில் போர்டில் எழுதியிருக்கிற 'சென்னை பீச்' மட்டும்தான். அங்கே இறங்கினாலும் எதிரே துறைமுகச் சுவர்தான் தெரியும். நிஜக் கடலுக்கு மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று டிராஃபிக்கில் ஊர்ந்து ஈ.சி.ஆருக்குப் போகணும். தாம்பரத்துக்கு ஏரி உண்டு, ஏர்ஃபோர்ஸ் உண்டு, பக்கத்திலேயே வண்டலூர்ப் புலிகூட உண்டு. கடல் கிடையாது.

சரி, நம்ம ஊரிலேயே ஒரு 'மெடிட்டரேனியன்' தேடலாம் என்று லிஸ்ட் போட்டோம். முதலில் கோவளம். 2021-ல் 'நீலக்கொடி' சர்டிஃபிகேட் வாங்கிய பீச். ஸ்பெயின், கிரீஸ் கடற்கரைகளில் பறக்கிற அதே கொடி. தண்ணீர் சுத்தம், பாதுகாப்பு, கழிப்பறை வரைக்கும் பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால், காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிற தூரம், அது எப்படி ட்ரிப் ஆகும்? மாமல்லபுரத்துக்கு ஸ்கூலில் மட்டும் நாலு எக்ஸ்கர்ஷன் போயாச்சு, அடித்தாகிவிட்டது. தரங்கம்பாடி செம சாய்ஸ். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை அலைக்கு எதிரே நிற்கிறது. ஆனால், மயிலாடுதுறை போய் பஸ் மாறணும், கண்டிப்பாக ராத் தங்கணும். மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஃப்ரெஞ்சு பெயர்ப் பலகை, கடலை ஒட்டி நடக்க நீளமாக ஒரு சாலை... பாண்டி!

"பாண்டி மட்டும் வேணாம்" என்றாள் சுறா.

"ஏன்டி? உங்க ஊர்ப் பக்கம்தானே?"

"அதான் வேணாம்." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஆறிப்போன டீயை எதற்கு ஆற்றுகிறாள் என்று அப்போது எனக்குத் தோணவில்லை.

அடுத்த வில்லன் வீடு. எங்க அம்மாவின் கேள்விகள் செமஸ்டர் கொஸ்டின் பேப்பரைவிடக் கஷ்டம். "ஓட்டல்ல ரூம் போட்டுத் தங்குவீங்களா? நாலு பொண்ணுங்க தனியா? யார் இருக்காங்க அங்க?" மற்ற ரெண்டு வீட்டிலும் இதே வசனம், ஆள்தான் வேறு. 'தெரிஞ்சவங்க வீடுன்னா பரவாயில்லை' என்பதுதான் மூணு வீட்டிலும் கடைசித் தீர்ப்பு. ப்ளான் செத்துப்போச்சு என்றே நினைத்தோம். ரெண்டு நாள் கழித்து சுறாவே வந்து, "எங்க ஆயா வீட்ல தங்கலாம். ஆயா உங்க அம்மாங்ககிட்ட போன்ல பேசும்" என்றாள். ஆயாவும் பேசினார். "எம் பேத்தி மாதிரிதாம்மா, நா பாத்துக்குறேன், நீ கவலயே வுடு!" என்ற ஒரே டயலாக்கில் மூணு அம்மாக்களும் க்ளீன் போல்டு.

இனி போகிற வழி. தாம்பரத்திலிருந்து பாண்டிக்கு ரெண்டு வழி. கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினால் திண்டிவனம் வழியாகச் சுமார் மூணு மணி நேரம். நாங்கள் பிடித்தது காலையில் தாம்பரத்தில் நிற்கிற புதுச்சேரி மெமு ரயில். விழுப்புரம் சுற்றிப் போகிறதால் நேரம் கூட ஆகும். ஆனால், டிக்கெட் நூறு ரூபாய்க்கும் கீழே! செங்கல்பட்டு வந்ததும் இடது பக்கம், வலது பக்கம் என்று அடித்துக்கொள்ளாமல் கொளவாய் ஏரி தெரிகிற ஜன்னலைப் பிடித்துவிடுங்கள். காலை வெயிலில் அந்தத் தண்ணீரைப் பார்த்து 'பாஸ்போர்ட்', "இதையே மெடிட்டரேனியன்னு வெச்சுக்கிட்டு இறங்கிடலாம்டி" என்றாள். மேல்மருவத்தூரில் செவ்வாடை பக்தர்கள் கூட்டம் இறங்க, சீட் கிடைத்துக் காலை நீட்டினோம். சுறா மட்டும் ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டு வந்தாள்.

முதல் ஸ்டாப், பாண்டி டவுன் கிடையாது. கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம். அங்கிருந்து காக்காயந்தோப்புக்கு ஆட்டோ. அங்கேதான் அரிக்கமேடு.

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அரிக்கமேட்டில் 'பார்க்க' ஒண்ணும் பெரிதாக இல்லை. மாமரமும் தென்னையுமாக ஒரு தோப்பு. அதில் கூரை போன ரெண்டு செங்கல் சுவர். அதுவும் ரோமானியர் கட்டியது இல்லை, 18-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ குருமடத்தின் மிச்சம். பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு சத்தமே இல்லாமல் போகிறது. செல்ஃபி எடுத்தால் 'மாந்தோப்பில் நான்' என்றுதான் தலைப்பு போட முடியும். 'பட்ஜெட்' ஆட்டோ காசை நினைத்து முறைத்தாள்.

ஆனால், காலுக்குக் கீழே இருக்கிற கதை இருக்கிறதே... அதுதான் மேட்டர்! 1930-களில் இங்கே கிடைத்த ஒரு கல்லில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் மாதிரி செதுக்கியிருந்தது என்று பாண்டியில் இருந்த ஃப்ரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரெய் சொன்னார். மார்ட்டிமர் வீலர் என்ற வெள்ளைக்காரத் தொல்லியல் துரை, 1944-ல் மெட்ராஸ் மியூசியத்து அலமாரியில் இந்த ஊரிலிருந்து போன ஜாடித் துண்டு ஒன்றைப் பார்த்து அசந்துபோய், அடுத்த வருஷமே ஆட்களோடு இங்கே வந்து இறங்கிவிட்டார். தோண்டத் தோண்ட என்ன வந்தது தெரியுமா? இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த சிவப்புப் பளபளப்புக் கிண்ணங்கள். ரெண்டு கைப்பிடி வைத்த 'ஆம்போரா' ஜாடிகளின் துண்டுகள். அதில் கிரேக்கத்தில் கோஸ் தீவு வகை ஒயின் ஜாடியும் உண்டு. எங்க காலண்டரில் இருந்த அதே கடலில், சான்டோரினிக்குக் கிழக்கே இருக்கிற தீவு!

வீலருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை ஃப்ரெஞ்சுக்காரர் கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று தோண்டினார்கள். 'ரோமானியர்கள் வந்து உருவாக்கிய ஊர்' என்று வீலர் சொன்னதை பெக்லி அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, மணி செய்கிற தொழில் இருந்தது, அவர்கள் போன பிறகும் இருந்தது என்று காட்டினார். வந்தவர்கள் கெஸ்ட்தான், ஓனர் நாம்தான்! 'பெரிப்ளூஸ்' என்ற முதல் நூற்றாண்டு கிரேக்க வழிகாட்டி நூலில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணக்கு.

அந்த ஜாடிகளில் ஒயின் மட்டும் வரவில்லை. ஆலிவ் எண்ணெய் வந்தது. அப்புறம், மீனை உப்பில் ஊறவைத்து வடித்த ஒரு சாறு. நான் படித்துக்காட்டினதும் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள் சுறா. "கருவாட்டுத் தண்ணியா? எங்க ஊருக்கேவா எக்ஸ்போர்ட் பண்ணானுங்க?"

'பாஸ்போர்ட்'டுக்கு வேறு கவலை. "அவங்களுக்கு விசா?" விசா இல்லை. காற்றுதான் விசா. எகிப்துக் கரையிலிருந்து கோடையில் கிளம்பினால் தென்மேற்குப் பருவக்காற்று தள்ளிக்கொண்டு மேற்குக் கரைக்கு வரும். திரும்ப, வடகிழக்குக் காற்று அடிக்கும் வரை காத்திருக்கணும். வீடு போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். 'ஷார்ட் ட்ரிப்' என்றால் அவர்கள் சிரித்திருப்பார்கள்.

அங்கே கிடைத்த பொருட்களை நேரில் பார்க்கணும் என்றால் டவுனில் பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்துக்குப் போகணும். திங்கட்கிழமை லீவு, பார்த்துப் போங்கள். தோப்பை விட்டுக் கிளம்பும்போது சுறா அந்த ஆற்றைக் காட்டினாள். "அந்தக் காலத்துக் கப்பலுக்கு இந்த ஆத்து முகத்துவாரமே ஹார்பர். கட்டத் தேவையே இல்ல. இப்ப அதே முகத்துவாரத்துலதான் புது ஹார்பர் இருக்கு." சும்மா தகவல் சொல்கிறாள் என்று நினைத்து, "ஓ" என்றேன்.

சாயங்காலம் பீச் ரோடு. ஆறு மணிக்கு மேல் காலை ஏழரை வரை வண்டி எதுவும் கிடையாது, ஒன்றரை கிலோ மீட்டர் நமக்கே நமக்கு! செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள், சுண்டல், பலூன். கீழே கறுப்புப் பாறைகளில் அலை மோதிச் சிதறுது. "இதாண்டி! காலண்டர்ல ஒரு பக்கம் கொறஞ்சது இதான்!" என்று 'பாஸ்போர்ட்' பாறை மேல் ஏறி நின்று போஸ் கொடுத்தாள். ஃப்ரான்ஸில் நீஸ் நகரத்துக் கடலோர நடைபாதை இப்படித்தான் இருக்குமாம். அங்கேயும் மணல் கிடையாது, கூழாங்கல் பீச்சாம்.

"நீ நிக்கிறது பாறை இல்ல. கொட்டின கல்லு" என்றாள் சுறா. "இங்க மணல் இருந்துச்சு. எங்க அம்மா சின்ன வயசுல இதே எடத்துல வெளையாடி இருக்கு."

அப்புறம்தான் அவள் பேச ஆரம்பித்தாள். சிவில் படிக்கிறவள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. காந்தி சிலைக்கு வடக்கே, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சூண்டு மணல் இருக்கிறது. அங்கே எங்களை இறக்கி, ஈர மணலில் விரலால் கோடு போட்டாள்.

"நம்ம கரையில அலை நேரா வந்து மோதாது. சாய்வா வரும். அதனால ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தும். மழைக்கால மாசங்கள்ல தெக்க போகும், மத்த மாசமெல்லாம் வடக்க. வருஷக் கணக்கு பாத்தா வடக்கதான் ஜாஸ்தி. பல லட்சம் கன மீட்டர் மணல் கரையோரமா நடந்து போயிட்டே இருக்கும்." நான் பாத்திரத்தில் அள்ளிக் கற்பனை செய்து பார்த்தேன், முடியவில்லை. "1980-கள் கடைசியில ஹார்பருக்காக அரியாங்குப்பம் ஆத்து வாயில ரெண்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டினாங்க. கடலுக்குள்ள கை நீட்டின மாதிரி. நடந்து வர்ற மணல் அதுல முட்டி தெக்கப் பக்கமே நின்னுடுச்சு. அங்க பீச் பெருசாயிட்டே போச்சு. இங்க வர வேண்டியது வரல. ஆனா, கடல் இங்கேருந்து எடுத்துட்டுப் போறதை மட்டும் நிறுத்தல."

"வரவு நிக்குது, செலவு நடக்குது" என்றாள் 'பட்ஜெட்'. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

ஒரு பக்கம் நிற்கிற மணலை அள்ளி மறுபக்கம் போட்டுக்கொண்டே இருக்கணும் என்பதுதான் ஒரிஜினல் ஏற்பாடு. அது போதுமான அளவு நடக்கவில்லை. டவுன் கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது. கல் முடிகிற இடத்தில் ஆரம்பித்தது. அங்கே கல் போட, அதற்கும் வடக்கே... இப்படியே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஏறி, எல்லை தாண்டி தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி வரை.

"அப்ப இந்த மணல்?" என்று காலடியைக் காட்டினேன்.

"இது திரும்பி வந்தது." 2018-ல் கடலுக்குள், அலைக்கு அடியில் முழுகி இருக்கிற மாதிரி ஆப்பு வடிவத்தில் பிரமாண்டமான எஃகுப் பெட்டி ஒன்றை இறக்கினார்களாம். செயற்கைத் திட்டு. அது அலையின் வேகத்தைக் குறைக்க, இந்த இடத்தில் மணல் தங்க ஆரம்பித்தது. டிசைன் பண்ணியது யார் என்று சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்.ஐ.ஓ.டி., தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். பள்ளிக்கரணை! தாம்பரம் – வேளச்சேரி ரோட்டில் நான் நூறு தடவை பஸ்ஸில் தாண்டிப் போயிருக்கிற அதே கேட்! கடலே இல்லாத எங்க ரூட்டில் எதற்குக் கடல் ஆபீஸ் என்று கிண்டல்கூட அடித்திருக்கிறேன்.

"இதுக்காகத்தான் சிவில் எடுத்தியா?" என்று ஃபீலிங்கோடு கேட்டாள் 'பாஸ்போர்ட்'.

"சீ, போடி. கவுன்சலிங்ல ஐ.டி. கெடைக்கல."

ராத்திரி ஏழரைக்குக் காலாப்பட்டு பஸ் ஏறி, சுறா ஊரில் இறங்கினோம். (ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.) ரெண்டே ரூம் உள்ள காங்க்ரீட் வீடு. ரோட்டை ஒட்டி. வாசலில் ஆயா. எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "சாப்டிங்களா?" இல்லை, ரெண்டாவது கேள்விதான் அது. முதல் கேள்வி: "ஏன்டி, இவ்ளோ எளச்சி கீறே?"

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஓடுகிற நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கிற சீசன். பெரிய மீன் விலை எகிறிக் கிடக்கும். ஆனால், சின்ன ஃபைபர் படகு போகலாம். சுறாவின் மாமா கொண்டுவந்த காரப்பொடி மீனில் ஆயா வைத்த குழம்பு... மத்தியதரைக் கடலில் ஒயின் ஜாடியோடு வந்த அத்தனை பேரும் அதைச் சாப்பிட்டிருந்தால் திரும்பிப் போயிருக்க மாட்டார்கள். 'பட்ஜெட்' மூணு தடவை சோறு வாங்கினாள். அதை நோட்டில் எழுதவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கடலைப் பார்க்கப் போனோம். தேடவே வேண்டியதில்லை. வீட்டுப் பின்னாடி நாலு வீடு தாண்டினால் ஊர் முடிகிறது. கரை என்று ஒன்று இல்லை. ஒரு வீட்டின் பாதித் தரை அந்தரத்தில் நிற்கிறது, மீதியைக் காணோம். வேரோடு சாய்ந்த தென்னை. டார்ச் வெளிச்சத்தில் மார்பிள் பதித்த ஒரு பூஜை அறைச் சுவர் மட்டும் தனியாக நின்றது. யாரோ ஆசையாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆயா கையை நீட்டினார். இருட்டில், அலைக்கு அந்தப் பக்கம். "தோ, அங்கதாம்மா நம்ம வூடு. வாசப்படில ஒக்காந்தா கடலு எட்டத்துல தெரியும். வலை காயப் போட, போட்டு இழுத்துப் போட அம்மாம் எடம். இவ தாத்தா கட்னது. இவ மூணாவது படிக்கச் சொல்ல ஒரு ஐப்பசில சமையக்கட்டு போச்சு. அடுத்த வருசம் மீதி."

சுறா எங்களைப் பார்க்கவில்லை. "இதுக்குத்தான் பாண்டி வேணாம்னேன். நீங்க கல்லு மேல நின்னு போட்டோ எடுப்பீங்க. எனக்குக் கடுப்பா வரும். உங்க மேல கோபப்பட்டா அதுவும் நியாயம் இல்ல."

'பாஸ்போர்ட்' போனை எடுத்து, சாயங்காலம் எடுத்த போட்டோக்களைப் பார்த்தாள். அழிக்கவும் இல்லை, போடவும் இல்லை. பையில் வைத்துக்கொண்டாள்.

ஆயாவுக்குத்தான் எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கணும். பேச்சை மாற்றினார். "எங்கியோ பாரின் போவணும்னு இருந்திங்களாமே? எந்தக் கடலு?" மத்தியதரைக் கடல், வெள்ளை வீடு, நீலக் குவிமாடம் என்று காலண்டர் கதையைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க மண்ணு இருக்குதா?"

'பாஸ்போர்ட்' கொஞ்சம் யோசித்து பதில் சொன்னாள். விசாவுக்காக அத்தனை படித்தவள் ஆயிற்றே. ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்து பீச்சுகள் 1992 ஒலிம்பிக்ஸுக்காக மணல் கொட்டி உருவாக்கியவை. இப்போதும் புயல் வந்தால் மணலை வாரிக்கொண்டு போய்விடும், அவர்கள் மறுபடி கொட்டுவார்கள்.

"அவங்களுக்குமா?" ஆயா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "கொட்றாங்க இல்ல, அது வரிக்கும் நல்லது."

அந்த ஊரில் இப்போது எல்லாரும் கேட்பது 'தூண்டில் வளைவு'. கரையிலிருந்து கடலுக்குள் கல் போட்டு வளைப்பது. மணல் அதில் மாட்டித் தங்கும். ரோடு மறியல்கூட நடந்திருக்கிறதாம். "நல்லதுதானே, வந்துட்டா பிரச்சனை தீர்ந்துடுமே" என்றேன். சுறா சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "மணலை இங்க பிடிச்சு வெச்சா அடுத்த ஊருக்குப் போகாது. அடுத்த ஊர்லதான் எங்க சித்தியக் கட்டிக்குடுத்திருக்கு."

ஆயா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார். அந்த வீட்டில் இந்தப் பேச்சு புதுசு இல்லை என்று தெரிந்தது.

மொட்டை மாடியில் படுத்தோம். அலைச் சத்தம் ராத்திரி முழுக்க. காலண்டரைப் பார்த்தபோது இந்தச் சத்தத்துக்காகத்தானே ஆசைப்பட்டேன்! அன்றைக்கு ஒவ்வொரு அலைக்கும் கண் விழித்தேன். விடியற்காலையில் கீழே ஆள் நடமாட்டம். எட்டிப் பார்த்தால், ஏழெட்டுப் பேர் ஒரு ஃபைபர் படகை ரோட்டோரத்திலிருந்து தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். படகை ஏற்றி வைக்கக் கரை இல்லாததால் ராத்திரி அது ஈ.சி.ஆர். ஓரம் பார்க்கிங். பைக் பக்கத்தில் படகு! சுறா மளமளவென்று இறங்கிப் போய் ஒரு கை கொடுத்தாள். நாங்களும் ஓடினோம். எங்களால் பாரம் குறைந்ததா கூடியதா என்று தெரியவில்லை, மாமா திட்டவில்லை.

போகிறவர்களுக்கு 'பட்ஜெட்'டின் நோட்டிலிருந்து: ரயில், பஸ், ஆட்டோ, மியூசியம், மதியச் சாப்பாடு, பீச் ரோட்டு சுண்டல், ஆயாவுக்கு ஒரு கவுளி வெற்றிலை எல்லாம் சேர்த்து ஒருத்திக்கு 870 ரூபாய். தங்க இடம் தேடுகிறவர்கள் சனி, ஞாயிறைத் தவிர்த்தால் ரூம் வாடகை இறங்கும். மே மாசம் அரிக்கமேட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பதினொரு மணிக்கு மேல் தோப்பிலும் வேகும். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், உள்ளே கடை இல்லை. மணலில் கால் புதைய நடக்கணும் என்றால் ஹார்பருக்குத் தெற்கே, சின்ன வீராம்பட்டினம் பக்கம் ஈடன் பீச் இருக்கிறது. கோவளத்தோடு சேர்ந்து 2021-ல் நீலக்கொடி வாங்கியது. மணல் தாராளம். ஏன் தாராளம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நேரம் இருந்தால் பஸ்ஸில் வடக்கே காலாப்பட்டு வரையும் ஒரு ரவுண்டு போய்விட்டு வாங்கள்.

திரும்பி வந்து ஒரு வாரம் கழித்து, தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் ஏறினோம். பள்ளிக்கரணையில் சுறா இறங்கி, அந்த கேட்டில் இன்டர்ன்ஷிப் கேட்டு ஒரு லெட்டர் கொடுத்துவிட்டு வந்தாள். கொடுத்து நாலு நாள்தான் ஆகிறது. அதற்குள் ஆயா ரெண்டு தடவை போன் பண்ணி, "இன்னாச்சும்மா?" என்று கேட்டுவிட்டார்.